மேட்லாக் மலை ஏறும் முன்

வாசகர் கேள்வி: இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பேக்வெல் ஊருக்குள் குடியிருக்கிறோம். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) பில்லில் பெயர் தவறாக இருக்கிறது. அம்மாவுக்கு புளூ பேட்ஜ் (நடமாடச் சிரமப்படுபவர்களுக்கான வாகன நிறுத்தச் சலுகை அட்டை) வாங்க வேண்டும். வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டவும் எண்ணம். ஒரு நாள் லீவு போட்டு, டெர்பியில் இருக்கும் கவுண்டி தலைமை அலுவலகத்துக்கே போனால் மூன்றையும் முடித்துவிடலாமா?

முடியாது. அலுவலகம் டெர்பியிலும் இல்லை. டெர்பி நகரம் 1997 முதல் தனி கவுன்சிலின் கீழ் இருக்கிறது. பல மாவட்டங்களை உள்ளடக்கிய டெர்பிஷயர் கவுண்டி கவுன்சிலின் தலைமையகம், 1950களின் நடுப்பகுதியிலிருந்து, மேட்லாக் ஊரின் மலைச்சரிவில் உள்ள கவுண்டி ஹால்.

ஆனால் உங்கள் மூன்று வேலைகளில் ஒன்றுதான் கவுண்டியுடையது. கவுன்சில் டாக்ஸை வசூலிப்பது டெர்பிஷயர் டேல்ஸ் மாவட்ட கவுன்சில். பில்லில் பெரிய தொகை கவுண்டியின் பங்காக அச்சாகியிருப்பதால் பலர் கவுண்டியிடம் போய் நிற்கிறார்கள். பில்லை அனுப்பியவர் யார் என்று தலைப்பைப் பாருங்கள், திருத்தம் அவரிடம்தான். மாவட்ட கவுன்சிலின் டவுன் ஹாலும் அதே மேட்லாக்கில், கவுண்டி ஹாலுக்கு ஏறும் அதே பேங்க் ரோட்டில் இருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். டாக்ஸ் கணக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் ஒரு போன் அல்லது ஆன்லைன் படிவத்திலேயே முடியும்.

அறை கட்டும் விஷயம் மேட்லாக்குக்கே வராது. பேக்வெல் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் திட்ட அனுமதி பூங்கா ஆணையத்திடம். அதன் அலுவலகமான ஆல்டர்ன் ஹவுஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தரைத்தளம் மட்டும் உள்ள பின்பக்க விரிவாக்கம், தனி வீடானால் 4 மீட்டர், பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடானால் 3 மீட்டர் நீளம் வரை, உயரம் முதலான மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், விண்ணப்பம் இல்லாமலே செய்யலாம். வேறு இடங்களில் கிடைக்கும் 6, 8 மீட்டர் சலுகை பூங்காவுக்குள் கிடையாது. வெளியூர் கட்டடக்காரர்கள் இதில்தான் தவறுகிறார்கள். பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள வீடானால் தனி ஒப்புதல் கட்டாயம். கட்டட விதிமுறை ஒப்புதல் இவற்றிலிருந்து வேறு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்ததாக ஆகாது.

புளூ பேட்ஜ் மட்டும் கவுண்டியின் வேலை. அதற்கும் நேரில் போகத் தேவையில்லை. அரசு இணையதளத்தில் விண்ணப்பித்தால் கவுண்டிக்குப் போய்ச் சேரும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் வேண்டும். அம்மா பிஐபி (உடல்நலக் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு) உதவித்தொகை பெறுபவராக இருந்து, நடமாட்டப் பிரிவில் 'இடம்விட்டு நகர்தல்' என்ற கேள்விக்கு 8 புள்ளியோ மேலோ இருந்தால், முடிவுக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் இணையுங்கள். புள்ளிகள் உள்ள பக்கம் விடுபட்டால் தகுதியைச் சரிபார்க்க முடியாது. கட்டணம் 10 பவுண்டு வரை. பேட்ஜ் 3 ஆண்டு வரை செல்லும். முடிவு வர 12 வாரம்கூட ஆகலாம், ஆகவே பழைய பேட்ஜ் இருந்தால் காலாவதிக்கு முன்பே தொடங்குங்கள்.

கவுண்டி ஹாலுக்கே போக வேண்டிய சந்திப்பு வந்தால், ஏற்றத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். டெர்பியிலிருந்து ரயிலில் மேட்லாக் சுமார் 35 நிமிடம். நிலையம் டெர்வென்ட் ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருக்கிறது. பாலம் தாண்டி கிரவுன் ஸ்கொயர், அங்கிருந்து பேங்க் ரோடு செங்குத்தாக ஏறுகிறது. 1893 முதல் 1927 வரை இந்தச் சாலையில் கம்பிவடத்தால் இழுக்கும் டிராம் ஓடியது. ஏறக் கட்டணம் 2 பென்னி, இறங்க 1 பென்னி என்பதிலேயே சரிவு தெரியும். முழங்கால் வலி உள்ளவர்களை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், கிரவுன் ஸ்கொயரிலிருந்து டாக்ஸி எடுங்கள்.

கவுண்டி ஹால் கட்டடம் அலுவலகத்துக்காக எழுந்ததல்ல. ஜான் ஸ்மெட்லி 1853இல் தொடங்கிய நீர்ச்சிகிச்சை இல்லம் அது, 1955இல் மூடப்பட்டது. கட்டிச் சேர்த்துக்கொண்டே போனதால் ஸ்மெட்லி தெருவின் இரு பக்கமும் பரவி, தெருவுக்கு மேல் பாலத்தால் இணைந்திருக்கிறது. சரிவில் நிற்பதால் ஒரு பக்கத் தரைத்தளம் மறுபக்கத்தில் மாடியாகிவிடும். எந்த வாசல், எந்தத் தளம், படியில்லாத வழி எது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். கூட்டங்களை வேறிடங்களிலும் வைப்பதுண்டு. கடிதத்தில் உள்ள முகவரிதான் கணக்கு.

கவுன்சில் கூட்டத்தைப் பார்க்க மட்டும் முன்பதிவு இல்லாமல் பொதுமக்கள் போகலாம். நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு முழுதாக 5 வேலை நாட்களுக்கு முன்பே வெளியாகும். வெளியாகும் நாளும் கூட்ட நாளும் அந்த ஐந்தில் சேராது.