முதலில் தோட்டம், பிறகுதான் தாத்தா பெயர்: தாயகம் திரும்பிய குடும்பங்களின் கேள்வி பதில்

இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி (1964) இலங்கை மலையகத்திலிருந்து வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் குடும்ப வேரைத் தேடும்போது கேட்டவை.

சேரம்பாடியிலிருந்து: பாட்டிக்கு “அட்டன் பக்கம், மேற்கணக்கு” என்பது மட்டும்தான் ஞாபகம். எங்கே ஆரம்பிக்கலாம் அண்ணே?

அட்டன் இலங்கை மலையகத்து டவுன். ஆனால் மேற்கணக்கு என்பது தோட்டத்தின் பெயர் இல்லை தம்பி. கணக்கு என்றால் டிவிஷன். மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் எத்தனையோ தோட்டங்களில் உண்டு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள். இந்தியத் தூதரகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை (ரேஷன் கார்டு இல்லை, தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்தது) இரண்டையும் எடுத்து, வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் படம் பிடியுங்கள். முத்திரையும் பென்சில் குறிப்பும் பின்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது பாட்டி. “எந்த ஊர்?” என்று கேட்டால் பதில் வராது. சம்பளத்தன்று சாமான் வாங்க எந்த டவுனுக்குப் போனீர்கள், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினீர்கள், பெரிய கங்காணி (ஆட்களை மேற்பார்த்தவர்) யார், பிரட்டுக்களத்திலிருந்து (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) பார்த்தால் ஃபேக்டரி தெரியுமா என்று கேளுங்கள். நான்கு பதில் கிடைத்தாலே பரப்பு சுருங்கிவிடும்.

இன்னொரு சிக்கல்: துரைமார் வைத்த பெயர் ஒன்று, சனங்கள் கூப்பிட்ட பெயர் வேறொன்று. அரசுப் பதிவில் துரை வைத்த பெயர்தான் இருக்கும். ஃபெர்குசனின் பழைய சிலோன் டைரக்டரிகளில் தோட்டங்கள் மாவட்டவாரியாக, ஏக்கர் கணக்கோடு இருக்கின்றன. பாட்டி சொன்ன டவுனைச் சுற்றியுள்ளவற்றை எழுதிவைத்து ஒவ்வொன்றாக அவரிடம் உரக்க வாசியுங்கள். எழுத்தில் பிடிபடாதது காதில் பிடிபடும். மஸ்கெலியா என்று சொன்னால் இன்றைய வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது.

கொளப்பள்ளியிலிருந்து: அப்பாவின் பிறப்புச் சான்றிதழை இலங்கையிலிருந்து எடுக்க முடியுமா?

பிறப்பு பதிவாகியிருந்தால் முடியும். பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்திலோ பத்தரமுல்லையிலுள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்திலோ விண்ணப்பிக்கலாம். பதிவு எண் தெரியாவிட்டால், ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டு அளவுக்குத்தான் பதிவேட்டைப் புரட்டுவார்கள். ஆகவே ஆண்டை முடிந்தவரை நெருக்கிப் பிடித்துவிட்டு அனுப்புங்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளையைப் பற்றித் தோட்ட நிர்வாகம் மாவட்டப் பதிவாளருக்கு அறிக்கை அனுப்பும் முறை இருந்தது. அதனால் தோட்டப் பெயரும் டிவிஷனும் இல்லாத விண்ணப்பம் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பும்.

சான்றிதழ் வந்ததும் எல்லோரும் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கீழே பாருங்கள்: 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் வந்த படிவத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். அது நிரம்பியிருந்தால் ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். காலியாக இருந்தால் பாட்டனார் இந்தியாவில் பிறந்தவர் என்று முடிவு கட்டாதீர்கள், கேட்காமலே விட்டிருக்கவும் கூடும்.

பிறப்பே பதிவாகவில்லையா? தோட்டப் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். செக்ரோலை (தோட்டத்தின் ஆள் வருகை, சம்பளப் பதிவேடு) நான் கடைசியில்தான் வைப்பேன். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு மாறியதில் பழைய பேரேடுகள் தங்கியிருந்தால் அதிர்ஷ்டம்.

கோத்தகிரியிலிருந்து: தாத்தா தனுஷ்கோடியில் இறங்கியதாகச் சொல்வார். குடும்ப அட்டை எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. தனுஷ்கோடித் துறை 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானதே அந்த அக்டோபர் 30. ஒப்பந்தத்தில் வந்தவர்கள் பிற்பாடு தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்து, மண்டபம் முகாம் வழியாகப் போனவர்கள். தாத்தா சொல்வது சரியென்றால் அவர் அதற்கு முன்பே தானாகத் திரும்பியவர். மறுவாழ்வுத் துறைக் கோப்பில் தேடி நாளைக் கடத்தாமல், அவர் இங்கே முதலில் வேலை பார்த்த எஸ்டேட்டின் பி.எஃப். வாரிசு நியமனப் படிவத்தைத் தேடுங்கள்.

குன்னூரிலிருந்து: பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) பதிவில் வேறு பெயர், வயதிலும் ஆறு வருஷ வித்தியாசம். ஒரே ஆள்தானா?

பெயரை வைத்துத் தீர்மானிக்காதீர்கள் அம்மா. கேட்டு எழுதியவர் சிங்களவராகவோ ஆங்கிலத்தில் எழுதியவராகவோ இருந்தால் பழனியாண்டி பழனியாவார், வயது குத்துமதிப்பாகும். மனைவி பெயர், பிள்ளைகளின் வரிசை, தோட்டம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள். டான்டீ பணிப்பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைக்காவிட்டால் “மூன்றாம் நபர் தகவல்” என்று மறுக்க இடமுண்டு.

பந்தலூரிலிருந்து: கொள்ளுப்பாட்டியின் பெட்டியில் ஓட்டையிட்ட ஒரு தகர வில்லை இருக்கிறது.

“தகரத் துண்டு” என்ற பழைய அடையாள வில்லையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து போன ஆட்களுக்கு, இன்ன தோட்டத்துக்குரியவர் என்று காட்டக் குறி அடித்துக் கொடுத்தது. புளி போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிற குறியும் போய்விடும். மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து லேசாகத் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறும். கடன் கணக்குக்காகக் கங்காணிகள் கையாண்ட காகிதத் “துண்டு” வேறு சமாசாரம். அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

கூடலூரிலிருந்து: இந்தியாவில் சொந்த ஊர் “திருச்சி ஜில்லா” என்று மட்டும் இருக்கிறது.

பழைய ஜில்லா இன்றைய மாவட்டம் அல்ல. கரூரும் பெரம்பலூரும் 1995இல் பிரிந்தவை. அங்கேயும் தேடுங்கள். இதைவிட உறுதியான வழி குலதெய்வம். சாமியின் பெயரோடு, கூட இருக்கும் காவல் தெய்வங்கள், படையல் முறை, எந்த மாதத்தில் கும்பிடு என்பதையும் எழுதுங்கள். கருப்பசாமி ஊருக்கு ஊர் உண்டு, ஆனால் இந்தச் சேர்க்கை ஊருக்கு ஊர் மாறும். கோயில் பிடிபட்டால் அங்கே பங்காளிகளிடம் வரி வசூலித்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். “கண்டிக்குப் போனவர்” என்று ஒரு பெயருக்கு எதிரே எழுதியிருந்தால் அது உங்கள் ஆளாக இருக்கலாம்.

டி.என்.ஏ. சோதனை?

ஊர் பெயரைச் சொல்லாது. அந்தக் காசுக்கு ராமேஸ்வரம் போய் வரலாம்.

கோத்தகிரியிலிருந்து மறுபடியும்: நாங்கள் கிறிஸ்தவர்கள், குலதெய்வம் கிடையாதே?

உங்களுக்கு வழி இன்னும் நேரானது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களோ பக்கத்து லயத்துக்காரர்களோதான் (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு). திருச்சபையின் தமிழ்க் கூலி மிஷன் 1854 முதல் தோட்டங்களில் ஊழியம் செய்தது. பங்குக்கு எழுதும்போது தோட்டப் பெயரை முதல் வரியிலேயே போடுங்கள், ஆள் பெயர் இரண்டாம் வரியில் வரட்டும்.