சூட்டையும் வியர்வையையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று 14 மாதங்கள் ஆகின்றன. ஒரு நாளில் ஏழெட்டு முறை முகமும் கழுத்தும் திடீரென்று சூடாகி வியர்த்துக் கொட்டுகிறது. ராத்திரியில் இரண்டு தடவை உடை மாற்றுகிறேன், தூக்கமே இல்லை. டாக்டர் “இந்த வயதில் இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார். ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று மகள் பயப்படுகிறாள். எச்சிலைச் சோதித்து அவரவர் உடம்புக்கென்றே தயாரிக்கும் ‘இயற்கை ஹார்மோன்’ கிரீம் நல்லது என்கிறார் தோழி. கர்ப்பப்பை எடுத்துவிட்ட என் அக்கா ஈஸ்ட்ரோஜன் ஜெல் பூசுகிறார். நானும் அதையே பூசலாமா?

பதில்: அக்காவின் ஜெல்லைத் தொடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த “பொறுத்துக்கொள்ளுங்கள்”. இந்தச் சூடு பலருக்கு ஏழு வருடம்கூட நீடிக்கிறது. ஏழு வருடம் தூங்காமல் இருங்கள் என்று ஒருவரிடம் சொல்வது மருத்துவமா? ஐந்து நிமிடத்தில் ஆளை அனுப்ப வேண்டிய அவசரத்தில் சொல்லப்படும் வார்த்தை அது. உங்களுக்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே வேலை செய்யும்.

அடுத்து மகளின் பயம். 2002இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் புரோஜெஸ்டின் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. எவ்வளவு தெரியுமா? பத்தாயிரம் பெண்கள் ஒரு வருடம் எடுத்தால், கூடுதலாக 8 பேருக்கு. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. தலைப்புச் செய்தி மட்டும் வீடு வீடாகப் போனது, இந்த விவரங்கள் போகவில்லை. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எத்தனை வருடம் எடுக்கிறீர்களோ அதற்கேற்ப அது கூடும். ஆனால் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மைதான் அதிகம். மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பேட்ச் அல்லது ஜெல்லாக ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் ரத்தம் உறையும் ஆபத்தும் குறைவு. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்த உறைவு, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

இப்போது அந்த எச்சில் சோதனை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஹார்மோன் அளவு நேரத்துக்கு நேரம் மாறும். மருந்தின் அளவை முடிவுசெய்வது உங்கள் தொந்தரவு எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துத்தான். 45 வயதைத் தாண்டியவருக்கு மெனோபாஸ் என்று உறுதிசெய்ய ரத்தச் சோதனைகூடப் பொதுவாகத் தேவையில்லை, அப்புறம் எச்சில் எதற்கு? உடம்பில் சுரப்பதைப் போன்றே இருக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் முறையான அனுமதி பெற்ற மருந்துகளாகவே கிடைக்கின்றன. தனியாகக் கலந்து தரும் கிரீமில் இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு என்று யாரும் சரிபார்ப்பதில்லை. சோதிப்பவரும் விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கிரீமில் இருக்கும் புரோஜெஸ்டிரோனை நம்பி கர்ப்பப்பையைக் காப்பாற்றவும் முடியாது.

அக்காவின் ஜெல் விஷயத்துக்கும் இதுதான் காரணம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அது புற்றுநோயாகவும் மாறலாம். புரோஜெஸ்டிரோன்தான் அதைத் தடுக்கும். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது, அதனால் இரண்டும் வேண்டும். அக்காவுக்கு இல்லை, அதனால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். போதும் என்று சொன்னாலும், அவரையும் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். ‘கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது’ என்பவர்களில் சிலருக்குக் கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருப்பார்கள், அதில் உட்சுவரும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸுக்காக (உட்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய்) அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வயிற்றுக்குள் வேறு இடங்களில் அதே திசு தங்கியிருக்கலாம். இந்த இரு வகையினருக்கும் புரோஜெஸ்டிரோன் தேவைப்படலாம். சினைப்பைகளையும் சேர்த்து 45 வயதுக்கு முன்பே எடுத்திருந்தால், சூடு இல்லாவிட்டாலும் எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் ஐம்பது வயது வரையாவது ஹார்மோன் எடுப்பதே நல்லது என்போம். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பெண்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் புரியாத எழுத்துகளில் கிறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அக்கா அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டட்டும்.

ஹார்மோன் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் வேறு மருந்துகளும் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் வென்லாஃபாக்சின் குறைந்த அளவில் சூட்டைத் தணிக்கும். இரவுத் தொந்தரவுக்கு காபாபென்டின் உதவும். 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெடன்ட் மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்திலேயே வேலை செய்கிறது, ஆனால் கல்லீரல் சோதனையோடுதான் எடுக்க வேண்டும். சோயா மாத்திரைகளால் பெரிய பலன் இல்லை. பிறப்புறுப்பில் வறட்சி மட்டுமே தொந்தரவு என்றால் அங்கேயே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் போதும், அது ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும்.

ஒரு வாரம், சூடு எத்தனை முறை வந்தது, எத்தனை முறை விழித்தீர்கள் என்று எழுதிவைத்துக்கொண்டு வேறொரு மகளிர் மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்தம் பார்க்கட்டும், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கட்டும். மருந்து தொடங்கி மூன்று மாதத்தில் மறுபடி போய்க் காட்டுங்கள், அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும்.

இன்னொன்று. உங்களுக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டது. இனி ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது மாதவிடாய் திரும்பியது என்று நினைக்காதீர்கள். எந்த மருந்தும் தொடங்குவதற்கு முன், அந்த வாரமே போய் ஸ்கேன் கேளுங்கள்.