தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகராக ஒவ்வொரு மேட்சையும் எப்படித் தாங்குகிறீர்கள்?

கேட்டவர் ஏதோ ஐரோப்பிய அணியை மனதில் வைத்துக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நான் சொல்லப்போவது உள்ளூர்ச் சங்கதி. ஊர் வடசென்னை வியாசர்பாடி, அணி சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை இரண்டு முறை வென்ற அணிதான், 2015-லும் 2017-18-லும். அதற்குப் பிறகு எங்களைப் பட்டியலின் மேல்பாதியில் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டோம். 2018-19-ல் 10 அணிகளில் பத்தாவது இடம். 2020-21, 2021-22, 2022-23 மூன்று சீசனும் சொல்லிவைத்தாற்போல எட்டாவது. 2024-25-ல் 13 அணிகளில் பதினொன்றாவது.

தோல்வியைத் தாங்குவது அவ்வளவு பெரிய காரியமில்லை, பழகிவிடும். இருபதாவது நிமிடத்திலேயே 0-2 என்று ஆகிவிட்டால் ஒருவிதத்தில் நிம்மதி. கையைக் கட்டிக்கொண்டு மிச்ச ஆட்டத்தைப் பார்க்கலாம், எதிரணியில் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்றுகூடக் கவனிக்கலாம். எனக்கு வயிற்றைக் கலக்குவது நாங்கள் முன்னிலையில் இருக்கும்போதுதான்.

சும்மா சொல்லவில்லை. 2025 ஜனவரியில் நேரு ஸ்டேடியத்தில் ஒடிஷாவுடன் மேட்ச். 2-0 என்று முன்னால் போனோம். முடிவு 2-2, சமன் செய்த கோல் இஞ்சுரி டைமில், அதாவது 90 நிமிடத்துக்கு மேல் கொடுக்கிற கூடுதல் நேரத்தில். ஒரு வாரம் ஆவதற்குள் கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங்குடன் அடுத்த மேட்ச். மறுபடியும் 2-0. 90 நிமிடம் முடியும்போதும் 2-0 தான். இஞ்சுரி டைமில் இரண்டு கோல் வாங்கி, மறுபடியும் 2-2. இதை வீட்டில் டிவியில் பார்த்தோம். அவர்கள் முதல் கோல் போட்டதுமே அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"இன்னும் டைம் இருக்குப்பா, எங்க போற?" என்றேன்.

"அதனாலதான் போறேன்" என்றார்.

முன்னிலை எடுத்ததும் எங்கள் அணிக்கு என்னதான் ஆகிறது? பள்ளியில் லெஃப்ட் பேக் ஆடியவள் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன். டிவியில் பந்து இருக்கிற இடம்தான் தெரியும். ஸ்டேடியத்தில் உட்கார்ந்தால் பந்து இல்லாத இடமும் தெரியும். அதுவரை நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் தைரியமாக நின்ற டிஃபன்ஸ் லைன், கோல் போட்ட பிறகு மெல்ல மெல்லப் பின்னால் இறங்கும். யாரும் சொல்லி இறங்குகிற மாதிரி தெரியாது. டிஃபன்ஸ் இறங்கினால் மிட்ஃபீல்டும் இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் நடுவில் இடம் விழுந்துவிடும். மிட்ஃபீல்டும் இறங்கிவிட்டால் முன்னால் ஸ்ட்ரைக்கர் ஒற்றை ஆளாக நிற்பார். இப்போது பந்தை ஓங்கி அடித்துக் கிளியர் செய்தால், அது போய் விழுகிற இடத்தில் நம் ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். செகண்ட் பால், அதாவது அப்படி விழுகிற பந்து, அவர்களுக்கு. மூச்சு வாங்குவதற்குள் பந்து திரும்பி வந்துவிடும். மறுபடி கிளியர், மறுபடி வரும். நாலு தடவை தடுத்தால் ஐந்தாவது தடவை அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைக்கும், இல்லை ஒரு ஃப்ரீ கிக். அப்புறம் கேட்கவே வேண்டாம்.

ஜெயித்துப் பழகிய அணி இதே நேரத்தில் என்ன செய்யும் தெரியுமா? பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொள்ளும். கார்னர் கொடி பக்கத்தில் கொண்டுபோய் நிற்கும். த்ரோ எடுக்க அரை நிமிடம் ஆக்கும். அதற்கு ஒரு திமிர் வேண்டும். நடுவில் நின்று பந்தைக் கேட்டு வாங்க யாராவது ஒருவர் வேண்டும். எங்கள் ஆட்கள் பந்து காலுக்கு வந்ததும் அதை யார் தலையிலாவது கட்டிவிடப் பார்ப்பார்கள்.

எங்கள் வரிசையில் இதை முதலில் கவனிப்பவன் என் தம்பி. "அக்கா, லைன் எறங்குது பாரு" என்பான். அவ்வளவுதான், அதற்கப்புறம் என் கண் வேறெங்கும் போகாது. நேரு ஸ்டேடியத்தில் கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவே ஓட்டப் பந்தயத் தடம் இருக்கிறது. நாம் கத்துவது அந்தப் பக்கம் போய்ச் சேருமா என்பதே சந்தேகம். இருந்தாலும் கத்துவோம். "ஏறு! ஏறு! மேல ஏறுடா!" பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாமதானே ஜெயிக்கிறோம், இந்தம்மா எதுக்கு இப்படித் திட்டுது என்று.

இந்த பயத்துக்கெல்லாம் மூலம் 2018 அக்டோபரில் நடந்த ஒரு மேட்ச். நாங்கள் நடப்பு சாம்பியன். எதிரே நார்த் ஈஸ்ட் யுனைடெட். முதல் பாதியிலேயே 3-1 என்று போனோம். கேலரியில் ஆட்டம் பாட்டம். அப்புறம் ஒக்பெச்சே என்ற நைஜீரியாக்காரர் தன் மூன்றாவது கோலையும் அடித்து ஹாட்ரிக்கை முடித்தார். முடிவு 3-4. சென்ட்ரலுக்கு நடந்து வந்து ரயில் ஏறி, வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கும்வரை எங்கள் கூட்டத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

அந்த சீசன் முழுக்க அப்படித்தான். 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி. அந்த இரண்டு வெற்றியில் ஒன்று பெங்களூருக்கு எதிராக, 2-1. அந்த வருஷம் கோப்பையைத் தூக்கியதே பெங்களூருதான் என்பதால், கடைசி இடத்தில் இருந்துகொண்டே நாங்கள் ரொம்ப நாள் அதைச் சொல்லித் திரிந்தோம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கென்றே இன்னொன்றும் நடந்தது. கோயம்புத்தூரில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி அணி அதே 2018-19-ல் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன் ஆனது. என்னோடு வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "உங்க ஊர் பேர்ல நாங்க கப் ஜெயிச்சிட்டோங்க" என்று ஸ்வீட் பாக்ஸ் நீட்டினார். மரியாதைக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன். நல்ல மைசூர்பாகு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2020-21 வேறு ரகம். கொரோனா காலம், எல்லா மேட்சும் கோவாவில், ஆளில்லாத ஸ்டேடியத்தில். 20 ஆட்டத்தில் 11 டிரா. ஜெயித்தது மூன்றே மூன்று. கோல் வாய்ப்பு வரும், பந்து போஸ்ட்டுக்கு வெளியே போகும், அப்படியே நேரம் முடியும். கோபமும் வராது, சந்தோஷமும் வராது. அம்மா ஒருநாள் கேட்டார், "ஜெயிச்சாங்களா, தோத்தாங்களா?" "ரெண்டும் இல்லம்மா." "அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் லைட்ட போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?" இதற்கு அப்பாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

சரி, அப்படியென்றால் பாதியில் எழுந்து போகவேண்டியதுதானே என்பீர்கள். அப்பா வாசலுக்குப் போவாரே தவிர, வாசலில் நின்றபடி ஜன்னல் வழியாக டிவியைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். 2015 இறுதிப் போட்டி எங்களைக் கெடுத்து வைத்திருக்கிறது. அந்த டிசம்பரில் சென்னையே தண்ணீரில் மிதந்தது. எங்கள் பக்கமெல்லாம் வீட்டுச் சாமான்களைக் கட்டிலுக்கு மேல் ஏற்றி வைத்திருந்த நேரம். இங்கே நடக்கவேண்டிய அரையிறுதி மேட்சை வெள்ளத்தால் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்துவிட்டு, இறுதிப் போட்டிக்கு கோவா போனார்கள். 87-வது நிமிடத்தில் கோவா அணி 2-1 என்று முன்னால் போனது. கதை முடிந்தது என்று எல்லோரும் எழுந்துவிட்டோம். 90-வது நிமிடத்தில் நாங்கள் அடித்த பந்து அவர்கள் கோல்கீப்பர் மேல் பட்டு உள்ளே போனது. இஞ்சுரி டைமில் மெண்டோசா ஒன்று அடித்தார். 3-2. சேறு காயாத தெருவில் ராத்திரி அத்தனை பேர் ஓடினார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு எந்த மேட்சிலும் கடைசி விசிலுக்கு முன்னால் இடத்தைக் காலி செய்ய மனசு வராது. அதே ஐந்து நிமிடத்தில் நமக்கு எதிராகவும் அப்படி நடக்கலாம் என்பதும் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

வியாசர்பாடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பத்திரிகைகளில் 'குட்டி பிரேசில்' என்று எழுதுவார்கள். உலகக் கோப்பை சமயத்தில் வந்து பாருங்கள், பாதித் தெரு அர்ஜென்டினா. முல்லை நகர் கிரவுண்டில் சாயங்காலம் ஆனால் ஆடாத பிள்ளை இல்லை, பெண்பிள்ளைகளும் சேர்த்துத்தான். ஆடத் தெரிந்த ஊரில் தோல்வியை யாரும் பொதுப்படையாகத் திட்டமாட்டார்கள். 'நேத்து மோசம்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'அந்த ரைட் பேக் உடம்பைத் திருப்பாமல் எதற்குக் கால் நீட்டினான்' என்று மூன்று நாள் ஓடும். டீக்கடையில் கிளாஸை நகர்த்தி வைத்து ஆஃப்சைடு லைன் காட்டுவார்கள். கடைக்காரர் அவசரமாக இருந்தால் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார், விவாதம் பிஸ்கட்டை வைத்துத் தொடரும்.

தோல்வியைவிட எனக்குக் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. மேட்சுக்கு முன்னால் வருகிற லைன்-அப்பைப் பார்த்ததும் எங்கள் ஏரியாப் பையன்கள் முதலில் தேடுவது தமிழ்ப் பெயரைத்தான். 2017-18-ல் கோப்பை வாங்கியபோது மிட்ஃபீல்டில் தனபால் கணேஷ் இருந்தார். வியாசர்பாடிக்காரர். எங்கள் தெருக்களில் ஆடி வளர்ந்தவர் நேரு ஸ்டேடியத்தில் நடுவில் நின்று பந்து பறிப்பதைப் பார்க்கும்போது, அணி என்ற வார்த்தைக்கு முன்னால் 'நம்ம' தானாக வரும். அடுத்த சீசன் அவருக்கு முழங்கால் காயம். அவர் இல்லாததால்தான் கடைசி இடம் என்று நான் சொல்லமாட்டேன், சொல்கிறவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் துராந்த் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. நாலு வருஷத்துக்கும் மேலாக அந்த டெர்பியில், அதாவது ஒரே ஊர் அணிகளின் மோதலில், ஜெயிக்காத ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த ஒற்றை கோலை அடித்தவர் சென்னைப் பையன் நந்தகுமார். கொல்கத்தாவே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நாங்களும் செல்போனில் பார்த்துக் கத்தினோம். கத்தி முடித்ததும் தம்பி, "இவன் ஏன்க்கா நம்ம டீம்ல இல்ல?" என்றான். தோற்ற மேட்சுகளுக்கெல்லாம் ஏதாவது காரணம் சொல்லத் தெரிந்த எனக்கு அதற்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

கேரளா பிளாஸ்டர்ஸ் வருகிற அன்றைக்கு ரியாக்ஷனே தனி. பெரியமேட்டுப் பக்கம் சாயங்காலம் நாலு மணிக்கே அவர்கள் ரசிகர்களின் மஞ்சள் சட்டைகள் நிறைந்துவிடும். சொந்த ஊரில் விருந்தாளி மாதிரி ஓரமாக நடந்து உள்ளே போகவேண்டும். நான் மேலே சொன்ன அதே 2025 ஜனவரியின் கடைசியில் வந்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனார்கள். பொறாமையாக இருக்கும், மறைக்கவில்லை. அணி எட்டாவது இடத்தில் இருந்தாலும் அவர்கள் வருகிறார்கள். நாங்கள் இரண்டு மேட்ச் தோற்றால் பாதி கேலரி காலி.

இன்னொன்று, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. தோற்ற ராத்திரியில் வீரர்களின் இன்ஸ்டாகிராமில் போய்க் கெட்ட வார்த்தை எழுதுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். கேலரியில் கத்துவது வேறு. அது மேட்ச் நடக்கும்போது, நம் காசில், நம் தொண்டையில். கோல் விட்டவனின் அம்மாவை அவன் படத்துக்குக் கீழே இழுப்பது ரசிகன் செய்கிற வேலை இல்லை. தம்பியின் வாட்ஸ்அப் குரூப்பில் இதைச் சொன்னதற்கு எனக்கு 'ஹெட்மிஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

வேறு அணிக்கு மாறிவிடலாமே என்று கமெண்டில் யாராவது கேட்பீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் மாறினான். 2022-ல், பிளாஸ்டர்ஸ் இறுதிப் போட்டிக்குப் போன வருஷம், மஞ்சள் சட்டை வாங்கி வந்தான். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக்கு ஐந்து பேராக ஃபைவ்ஸ் ஆடும்போது அவனைத்தான் கீப்பராக நிறுத்துகிறார்கள். ஆள் ஐந்தடி மூன்று அங்குலம்.