கோவளத்தில் ஓடிய போர்டு புதுச்சேரியில் ஏன் குத்துகிறது?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் சர்ஃபிங் பழகினேன். அங்கே அழகாக ஓடிய என் எட்டடி போர்டு, புதுச்சேரியில் நான் எழுந்து நிற்பதற்குள் மூக்கைக் குத்திக் கவிழ்த்துவிடுகிறது. இதைத் தள்ளிவிட்டு, எல்லா அலைக்கும் ஏற்ற போர்டு ஒன்று வாங்கச் சொல்கிறார் ஒரு தரகர். மாற்றலாமா?"

மாற்ற வேண்டாம். உங்கள் போர்டில் கோளாறு இல்லை.

கோவளத்து அலை பாறை முனையைச் சுற்றி வரிசையாக, சாவகாசமாக உடைந்து வரும். அதற்கு அடிப்பக்கம் தட்டையான போர்டு அருமையாக வழுக்கும். நீங்கள் குத்தி விழுந்த அன்று புதுச்சேரியில் அலை கரையை ஒட்டி, சுவர் மாதிரி நிமிர்ந்து மடிந்திருக்கும். அந்தச் சரிவில் தட்டை மூக்கு தண்ணீருக்குள் இறங்கத்தான் செய்யும். ஒரு சாண் பின்னால் தள்ளிப் படுங்கள். அலை நிமிர்வதற்கு முன்பே கையால் துடுப்புப் போடத் தொடங்குங்கள். நேரே கரையைப் பார்த்து இறங்காமல் சாய்வாக இறங்குங்கள். பாதிக் குத்தல் நின்றுவிடும்.

நான் காரைக்குடியில் போர்டு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்துத் தொண்டிக் கடலை இலங்கை மறைத்துக்கொள்கிறது, குளம் மாதிரிக் கிடக்கும். அதனால் பஸ் பிடித்துக் கோவளம் போய்த்தான் பழகினேன். என் முதல் போர்டுகள் எல்லாமே தட்டை மூக்கு. கேரளத்து வர்கலாவில் நானே குத்தி விழுந்த பிறகுதான் மூக்கை ஒரு விரற்கடை தூக்கி இழைத்தேன். தூக்கியதும் கோவளத்தில் வேகம் குறைந்தது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று போகும். சர்ஃபிங் போட்டிகளில் இறங்கியவரும் போர்டு செய்பவருமான ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் உடம்பில் பெரிய ஆள். பெரிய அலையில் இரண்டு ஃபின் (போர்டின் அடியில் மீன் துடுப்பு மாதிரி நிற்கும் தகடு) போர்டு அவர் காலடியில் வழுக்கியது, மூன்றாவது ஃபின்னை வைத்தார். 1981-ல் பெல்ஸ் பீச் போட்டியில் ராட்சத அலையில் அதே போர்டில் ஜெயித்தார். போர்டு செய்பவன் எந்த அலையில் விழுந்தானோ அது போர்டில் இருக்கும். உங்கள் தரகரிடம் கேளுங்கள்: இதைச் செய்தவர் எங்கே அலையேறுகிறார்? பதில் வராது. போர்டு எத்தனை லிட்டர், அதாவது மிதக்க வைக்கும் கனஅளவு எவ்வளவு என்றாவது கேளுங்கள். அதுவும் வராது. அதை எழுதித்தான் விற்க வேண்டும் என்று இங்கே கேட்க ஆளில்லை. செய்பவரிடமே நேரே போய் வாங்கி வரலாம் என்றால், எட்டடிப் போர்டைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். பார்சலில் போட்டால் மரச்சட்டம் அடித்து வா என்பார்கள், அடித்துப் போனால் நீளம் அதிகம் என்பார்கள். இந்த அலைச்சலில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

இன்னொன்று, குத்தியதில் மூக்கு விரிசல் விட்டிருந்தால் அவசரப்பட்டுப் படகுக்கு ஃபைபர் ஒட்டும் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஃபைபர் ஒட்ட இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பசை. உங்கள் போர்டுக்கு உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை ஃபோம் என்றால் அது ஃபோமைக் கரைத்துவிடும். நண்பர் ஒருவர் அப்படிக் கொடுத்தார். காலையில் போய்ப் பார்த்தால் ஒட்டுக்குக் கீழே தேங்காய் மூடி அளவுக்குப் பள்ளம். பாலியூரித்தேன் ஃபோம் என்றால் அதே ரெசின் தாராளமாகப் பிடிக்கும், பயமில்லை. எது என்று தெரியாவிட்டால் எபாக்சி ரெசின் கேளுங்கள், இரண்டுக்கும் ஒத்துவரும். அதுவரை விரிசலில் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றி, நிழலில் வையுங்கள்.