எல்லா அளவும் கறாராக வேண்டாம்

கேள்வி: தேங்காய் மட்டை உரிக்கும் சிறு இயந்திரம் வடிவமைத்திருக்கிறேன். முதல் மாதிரிக்கே பட்டறையில் பெரிய தொகை கேட்கிறார்கள். தரம் குறையாமல் செலவைக் குறைக்க முடியுமா?
– வாசகர், சிங்காநல்லூர்

பதில்: முடியும். உங்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எல்லா அளவுக்கும் 0.01 மி.மீ. துல்லியம் போட்டிருந்தால் விலை ஏறத்தான் செய்யும். தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் 6203 எண் கொண்டது என்றால் 17 மி.மீ. தண்டும், அது உட்காரும் 40 மி.மீ. குழியும்தான் கறாராக இருக்க வேண்டும். அங்கே பேரம் பேசாதீர்கள். மூடி அரை மி.மீ. முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது. இயந்திரத்தின் உடம்புக்கு, உருக்கிய உலோகத்தை ஊற்றும் வார்ப்பு அச்சு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். இரும்புத் தகட்டை லேசரில் வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்தால் போதும். வெல்டிங் சூட்டில் தகடு கோணும் என்பதால், பேரிங் குழியை அதற்கு அப்புறம் கடையச் சொல்லுங்கள். எதை மாற்றினால் வேலை சுலபமாகும் என்று லேத்காரரிடமே கேளுங்கள், அவர்களுக்குத்தான் அது தெரியும்.