டெய்லருங்க ஏன் நின்னுடறாங்க?

கேள்வி: திருப்பூர்ல சின்னதா பனியன் கம்பெனி வெச்சிருக்கேன் சார். ஷிப்மென்ட் நேரம் பாத்து டெய்லருங்க சொல்லாம கொள்ளாம நின்னுடறாங்க. அவங்களுக்கு மனநல கவுன்சிலிங் ஏற்பாடு பண்ணலாம்ங்கிறான் பையன். அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே, நமக்கு வீண் செலவில்லையா?

பதில்: வீண் செலவு இப்ப ஆகிட்டிருக்கறதுதாங்க. புது ஆளு வந்து கை பழகற வரைக்கும் எத்தனை பீஸ் பிரிச்சு தைக்க வேண்டியிருக்குன்னு உங்களுக்கே தெரியும். மனச்சோர்வு, பதற்றத்தால உலகம் முழுக்க வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாள் போகுதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆனா கவுன்சிலரை கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு நாள் லைன் பக்கத்துல நின்னு சூப்பர்வைசர் எப்படி பேசறார்னு கேளுங்க, பாத்ரூம் போனா மணி பாக்கறது, எல்லார் முன்னாடியும் பீஸை தூக்கி எறியறது, தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட் போடறது இதெல்லாம் அப்படியே இருந்தா எந்த கவுன்சிலர் வந்தும் பிரயோஜனம் இல்ல, என்னைக் கேட்டா முதல் செலவு அந்த சூப்பர்வைசருக்கு பேசக் கத்துக்குடுக்கறதுதான். அப்புறம், அரசாங்கத்தோட மனநல உதவி போன் சேவை டெலிமானஸ், நம்பர் 14416, இலவசம், எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். சாப்பிடற இடத்துல பெருசா எழுதி ஒட்டுங்க. யாரு போன் பண்ணாங்கன்னு மட்டும் விசாரிக்கவே விசாரிக்காதீங்க.