மாடு நன்றாகத்தான் இருக்கிறது, கிருமி எங்கிருந்து வந்தது?

பண்ணைக்குப் போய்விட்டு வந்த மகளுக்கு ரத்தக் கழிச்சல். ஈ.கோலி என்கிறார்கள். அங்கிருந்த மாடுகள் கொழுகொழு என்று இருந்தனவே?

இருந்திருக்கும். ஈ.கோலி ஓ157 என்ற வகைக் கிருமி சுரக்கும் ஷிகா நச்சு, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள ஓர் ஏற்பி வேண்டும். நம் குடலிலும் சிறுநீரகத்திலும் அது உண்டு. மாட்டின் ரத்தக்குழாய்களில் இல்லை. அதனால் வளர்ந்த மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. கிருமி மலக்குடலின் கடைசிப் பகுதியில், ஆசனவாயை ஒட்டிக் குடியிருக்கும். வெளியேறும் சாணம் அந்த இடத்தை உரசிக்கொண்டு வருவதால், அதன் மேற்பரப்பில் கிருமி அப்பிக்கொள்கிறது. தொடையில் காய்ந்து ஒட்டியிருக்கிறதே பொருக்கு, குழந்தை தடவிக்கொடுப்பது அதையும் சேர்த்துத்தான். சில மாடுகள் ஒரு கிராம் சாணத்திலேயே 10,000-க்கு மேல் கிருமிகளை வெளியேற்றும். மனிதரை வீழ்த்த 100-க்கும் குறைவாகவே போதும்.

மகளுக்குக் கழிச்சல் நின்றாலும் கவனமாக இருங்கள். சிலருக்குக் கழிச்சல் தொடங்கி ஒரு வாரத்தை ஒட்டித்தான் சிறுநீரகம் பாதிக்கப்படும். சிறுநீர் குறைந்தாலோ முகம் வெளுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கழிச்சலை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

வளர்ப்பு ஆமையின் எச்சத்தைப் பரிசோதித்தேன், கழிச்சல் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இல்லை. இனி பயமில்லைதானே?

அந்த ஒரு நாள், அந்த ஒரு மாதிரியில் இல்லை, அவ்வளவுதான். ஆமை, பல்லி, பாம்பு எல்லாம் விட்டுவிட்டுத்தான் கிருமியை வெளியேற்றும். இன்று சுத்தம், அடுத்த வாரம் ஏராளம். 4 அங்குலத்துக்கும் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டதற்குக் காரணம், குழந்தைகள் அவற்றை வாயில் வைத்ததுதான். ஆமையைத் தொடாமலே கூட நோய் வரும்: ஆமைத் தொட்டியின் தண்ணீரை அடுக்களைத் தொட்டியில் ஊற்றுகிறீர்களா? அப்புறம் அதே இடத்தில்தான் காய் கழுவுவீர்கள். தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஆமையே வேண்டாம் என்பது என் கருத்து.

கால்நடைகளை லாரியில் ஏற்றிச் சென்றால் கிருமி கூடுமா?

கூடலாம். பட்டினி, நெரிசல், பயம் எல்லாம் குடலைக் குலைக்கும். அடங்கிக் கிடந்த சால்மோனெல்லா பெருகும். நெருக்கி நிற்பதால் ஒன்றின் சாணம் இன்னொன்றின் தோலிலும் ஒட்டும்.

கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, நமக்குக் கழிச்சல் தரும் கேம்பைலோபாக்டர் கிருமியை ஒழிக்கலாமா?

வேண்டாம். கோழியின் உடல் வெப்பம் 41–42 டிகிரி. அந்தக் கிருமிக்கு அதுவே தோதான வீடு. மருந்து கொடுத்தால் மருந்துக்கு மசியாதவை மிஞ்சிப் பெருகும். இறைச்சியை நன்றாக வேகவிடுங்கள். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கும் துளியில் கிருமி பரவும்.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. எங்கள் ஆடு குட்டி போடப்போகிறது. உதவலாமா?

கூடாது. ஆடுமாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் க்யூ காய்ச்சலின் கிருமி நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கோடிக்கணக்கில் வரும். காய்ந்தபின் தூசியோடு மூச்சிலும் ஏறும். கருச்சிதைவு உண்டாக்கும் வேறு கிருமிகளும் அதில் இருக்கலாம். கொட்டில் பக்கமே போகாதீர்கள். உதவியவர் உடுத்திய துணியையும் நீங்கள் துவைக்க வேண்டாம்.